மூன்றாம் நம்பர் ஃபேன்

ஜூன் 3

பாம்புக்காதுக்கு,

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் பட்டப்பெயரை மாற்றுவதாக இல்லை. நீ வண்டியேறி இன்றோடு பன்னிரண்டு நாள். "போன் பண்ணாதீங்க, எழுதுங்க. போன்ல நீங்க நாலு தடவை ஆங், ஆங்னு கேப்பீங்க, நான் கத்துவேன், அதுவே இன்னொரு சண்டையாயிடும்" என்று வாசலில் பெட்டியோடு நின்று சொன்னாய். அதை மதித்து எழுதுகிறேன். கையால் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது. மூன்று தாள் கிழித்துப் போட்டாயிற்று.

சண்டை எதற்கு என்பதில் நமக்குள் குழப்பமே இல்லை. கம்ப்யூட்டர். அதை நான் தூக்கிப் போட முடியாது. கட்டப்போகிற வீட்டை முன்கூட்டியே படமாகக் காட்டுவதுதான் என் பிழைப்பு. ஒரு படம் முடிய ஒன்பது மணி நேரம் அது ஓடியாக வேண்டும். இருப்பதோ ஒரே படுக்கையறை, மேஜை போட வேறு இடமில்லை. ஓடினால் சூடாகும், சூடானால் ஃபேன் சுற்றும், சுற்றினால் உறுமும். அந்த உறுமலை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் 'ஊசி மாதிரி ஒரு சத்தம்' என்று மூன்று வருஷமாகச் சொல்கிறாயே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கல் அறுக்கும் பட்டறையில், ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து எட்டு வருஷம் வரைபடம் போட்டவன் நான். சத்தம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

போகட்டும். உறுமலையாவது ஒழிக்கிறேன். தண்ணீர் விட்டுக் குளிர்விக்கப் போகிறேன். சிரிக்காதே. சூடாகிற சிப்பின் மேல் ஒரு செம்புக் கட்டி, அதற்குள் தண்ணீர் ஓடும். மீன் தொட்டிப் பம்ப் அந்தத் தண்ணீரை ட்யூப் வழியாக ஜன்னலோரத்தில் நிற்கும் ரேடியேட்டருக்குத் தள்ளும். ரேடியேட்டர் பழைய காரில் கழற்றியது, இரண்டு நாள் கழுவினேன். அதன் மேல் நான்கு ஃபேன் மாட்டினால் தண்ணீர் ஆறிவிடும். பெரிய ரேடியேட்டர் என்பதால் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும், எனவே சத்தம் குறையும். இதுதான் கணக்கு.

எல்லாம் தயார். ஃபேன் மட்டும் பாக்கி. கடையில் இருபது ரகம் வைத்திருக்கிறார்கள். காது உன் தொழில், அதனால் கேட்கிறேன். எது வாங்கட்டும்?

நான்தான்.


ஜூன் 8

திருப்புளியாருக்கு,

எப்போதும் கையில் திருப்புளியோடு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே திரிகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது.

பன்னிரண்டு நாள் கழித்து மனைவிக்குக் கடிதம் எழுதுகிறீர்கள், அதில் 'சாப்பிட்டாயா' என்று ஒரு வார்த்தை இல்லை. ஃபேன் எது வாங்க என்று கேட்கிறீர்கள். உங்களை என்ன செய்வதென்றே தெரியவில்லை. சாப்பிட்டேன். மாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். கீழே சைக்கிள் கடை. காலையில் ஆறு மணிக்கு டயருக்குக் காற்றடிக்கிற சத்தத்தில்தான் எழுந்திருக்கிறேன். ஆனால் இரவில் தூங்குகிறேன், மூன்று வருஷத்துக்குப் பிறகு.

உறுமல் எனக்குப் பெரிய விஷயமே இல்லை என்று எத்தனை முறை சொல்வது? அந்த ஊசிதான் என்னைக் கொன்றது. அதைவிட மோசம், உங்கள் அக்காவை வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னது. "இவளுக்கு மனப்பிரமைக்கா, இல்லாத சத்தமெல்லாம் கேக்குது." நாள் முழுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஹெட்ஃபோன் மாட்டியவர்களிடம் 'சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள்' என்று சொல்கிறவள் நான். என் காதையே பொய் என்று சொன்னீர்கள்.

இன்னொன்று. நான் பேசினால் கவனிப்பதில்லை. வாஷிங் மெஷின் முடிந்துவிட்டது என்று பீப் பீப் என்று அடித்துத் தீர்க்கும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்திருக்க மாட்டீர்கள். கேட்டால், "நீ முணுமுணுக்கறே, வாயைத் திறந்து பேசு" என்பீர்கள். வீட்டில் யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்கிற நினைப்பே இல்லாதவரோடு எப்படி இருப்பது?

ஒரு செய்தி. ஜூலை முடிகிற வரைக்கும் என்றுதானே இங்கே வந்தேன். இந்த ஆஸ்பத்திரியில் என்னை நிரந்தரமாகவே இருக்கச் சொல்கிறார்கள். ஜூலை 28, திங்கட்கிழமைக்குள் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பயமுறுத்தவில்லை, தெரிவிக்கிறேன்.

ஃபேன் விஷயம்: பெட்டி மேல் போட்டிருக்கிற எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். நான்கும் ஒரே ரகமாக இருக்கட்டும். வேகம் கொஞ்சம் வித்தியாசப்பட்டாலும் இரண்டு சத்தமும் மோதி, ஏறி இறங்கி, 'வும்… வும்…' என்று வரும். மனுஷியால் தாங்க முடியாது.

இப்படிக்கு,
முணுமுணுப்பவள்


ஜூன் 16

பாம்புக்காதுக்கு,

சாப்பிட்டாயா?

28ஆம் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். போகிற போதும் வருகிற போதும் கண்ணில் படுகிறது. அக்கா முன்னால் அப்படிச் சொன்னது தப்பு. மன்னித்துவிடு. சத்தம் விஷயத்தில் மட்டும் நான் கட்சி மாறவில்லை.

இப்போது என் வீரப்பிரதாபத்தைக் கேள். உன்னிடம் யோசனை கேட்டேன், கடையில் போய் அதற்கு நேர்மாறாகச் செய்தேன். பெட்டியில் காற்றளவு எதற்கு அதிகமாகப் போட்டிருந்ததோ அதில் நான்கு வாங்கி வந்து மாட்டினேன். முன்பக்கம் வைத்த தாளெல்லாம் பறந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அடடா, என்ன காற்று என்று குதித்தேன். அரை மணி நேரத்தில் தண்ணீர் கொதிக்காத குறை. ஃபேன் நான்கும் முழு வேகத்தில் அலறுகின்றன, சிப்போ பழையபடியே சூடு.

ஒன்றும் புரியவில்லை. கடைசியில் டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்து ரேடியேட்டரின் அந்தப் பக்கம் தொங்கவிட்டேன். ஆடவே இல்லை! காற்று அவ்வளவும் தகடுகளில் முட்டி, பக்கவாட்டில் வழிந்து, திரும்பி என் முகத்துக்கே வந்திருக்கிறது. தகடுகள் சீப்புப் பல்லைவிட நெருக்கம்.

கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், வெட்டவெளியில வீசற ஃபேன் வேற, எதிர்ப்பு இருக்கற எடத்துல தள்ளற ஃபேன் வேற. பொட்டியில போட்டிருக்கறது வெட்டவெளிக் கணக்கு. உங்களுக்கு எறக்கை அகலமா, இடைவெளி கம்மியா இருக்கறது வேணும். முதல்லயே கேட்டிருக்கலாம்ல?"

முதலிலேயே ஒருத்தி சொன்னாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. நல்ல மனுஷன், திரும்ப எடுத்துக்கொண்டார். அகல இறக்கையில் நான்கு ரகம், ரகத்துக்கு ஒன்றாக, பார்த்துவிட்டு வாருங்கள் என்று கொடுத்து அனுப்பியிருக்கிறார். நான்கையும் போனில் இருக்கும் சத்தம் அளக்கிற மீட்டரால் அளந்தேன். எல்லாம் முப்பதை ஒட்டித்தான் வருகிறது. எப்படித் தேர்ந்தெடுக்க?

நான்தான்.


ஜூன் 21

திருப்புளியாருக்கு,

சாப்பிட்டேன். கேட்டதற்கு நன்றி. உங்களுக்கு இவ்வளவு சீக்கிரம் புத்தி வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

கட்டிலுக்கு அடியில் பறந்த தாளை எடுத்தீர்களா, இல்லை நான் வந்துதான் எடுக்க வேண்டுமா? அந்தக் கண்ணாடிக்காரர் சொன்னதை மட்டும் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். எதிர்ப்பு இருக்கிற இடத்தில் தள்ளுகிறவர் வேறு. நம் வீட்டுக்கு அப்படியே பொருந்துகிறது.

மீட்டரை மூட்டை கட்டி வையுங்கள். மீட்டருக்குத் தூக்கம் கெடாது. சத்தம் எவ்வளவு என்பது ஒரு பங்கு, எப்படிப்பட்டது என்பது மூன்று பங்கு. தடித்த தாழ்ந்த சத்தத்தோடு மனிதர்கள் வாழ்ந்துவிடுவார்கள். மெல்லிய உயர்ந்த சத்தம் காதுக்குள் நூல் விட்டு இழுக்கும்.

நான் ஆட்களைச் சோதிப்பது மாதிரி நீங்கள் ஃபேனைச் சோதியுங்கள். மதிய நேரம், தெரு அடங்கியிருக்கும்போது. ஒரு நேரத்தில் ஒரே ஃபேன். பெட்டியின் பெயரைப் பார்க்காமல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நம்பர் ஒட்டிக்கொள்ளுங்கள். ரேடியேட்டரில் மாட்டித்தான் கேட்க வேண்டும், கையில் பிடித்துக்கொண்டு கேட்டால் அது வேறு சத்தம். மேஜை நாற்காலியில் உட்கார்ந்து கேட்காதீர்கள். கட்டிலில் என் பக்கம், என் தலையணையில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கேட்டதை அப்படியே எழுதுங்கள்.

அதே இடத்தில் ரெக்கார்டரை வைத்து ஒவ்வொன்றையும் இரண்டு நிமிஷம் பதிவு செய்து, மெமரி கார்டைக் கடிதத்தோடு அனுப்புங்கள். போனில் அனுப்பினால் சத்தம் நசுங்கிவிடும். இங்கே சத்தமே புகாத அறை இருக்கிறது. அதில் உட்கார்ந்து கேட்டுச் சொல்கிறேன்.

ஜூலையில் இன்னும் நாள் இருக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
பாம்புக்காது


ஜூன் 30

பாம்புக்காதுக்கு,

நீயாகவே அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்தக் கடிதத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மூன்று நாள், மதியம் இரண்டு மணியிலிருந்து, நீ சொன்னபடியே. உன் தலையணையில் படுத்தால் ஜன்னல் வழியாக எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. இத்தனை வருஷத்தில் எனக்கு இது தெரியாது. என் தீர்ப்பு:

ஒன்றாம் நம்பர், காற்றே உரசுகிற மாதிரி 'உஸ்' கொஞ்சம், சுமார். இரண்டாம் நம்பர், தூரத்தில் பஸ் நின்றுகொண்டு இன்ஜின் ஓடுகிற மாதிரி 'ம்ம்ம்' என்று அடித்தொண்டை, நான்கிலும் இதுதான் சத்தம் அதிகம், வேண்டவே வேண்டாம். நான்காம் நம்பர் நடுநடுவே 'டிக்' என்கிறது. மூன்றாம் நம்பர்! அதைப் போட்டதும் ஃபேன் ஓடவில்லையோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். ஓடுகிறது. அந்தப் பக்கம் டிஷ்யூ பேப்பர் கொடி மாதிரி பறக்கிறது. சத்தம் துளிக்கூட இல்லை, சுத்தம்.

பிறகு பெட்டியைப் பார்த்தால், கம்ப்யூட்டரில் முன்பு இருந்த ஃபேன்களில் நானே கேட்டுத் தேர்ந்தெடுத்து மாட்டிய ஒன்றும் இதே கம்பெனி, இதே ரகம், உறுமியது மற்றவைதான். நல்ல சரக்கு என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது பார். உன் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுக்கவில்லை. மூன்றாம் நம்பரிலேயே நான்கு வாங்கி மாட்டிவிட்டேன். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு அட்டைக் கூடு, அதிர்வு தாங்க ரப்பர் வளையம். நீளமான ஸ்க்ரூவை முடுக்கி ரேடியேட்டர் குழாயையே குத்திக் கிழித்திருப்பேன், நல்லவேளை, தகட்டில் இடிப்பது கைக்குத் தெரிந்தது. குட்டை ஸ்க்ரூ போட்டேன். ஒன்பது மணி நேரப் படம் ஓடி முடிந்தது. சிப் குளுகுளு.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். காட்டினேன். அவள் அறைக்குள் வந்ததுமே காதுப் பக்கம் கையை வீசிக்கொண்டு, "என்னடா, கொசு இவ்ளோ இருக்கு?" என்றாள். ஒரு கொசு இல்லை! மருந்துகூட அடித்தேன். உன் கட்சியில் இப்போது இரண்டு பேர்.

கார்டு இதோடு இருக்கிறது. கேட்டுவிட்டு, வரும் தேதியை மட்டும் எழுது.

நான்தான்.


ஜூலை 4

கேலிக்கு ஒரு அளவு வேண்டும்.

கார்டைக் கொண்டுபோய்ச் சத்தம் புகாத அறையில் உட்கார்ந்து, நல்ல ஹெட்ஃபோனில் கேட்டேன். ஒன்று பரவாயில்லை. இரண்டு, எனக்கு அங்கேயே தூக்கம் வந்துவிட்டது, அவ்வளவு நன்றாக இருந்தது. மூன்றைப் போட்டேன். ஹெட்ஃபோனைப் பிடுங்கி மேஜையில் எறிந்தேன்.

அதேதான். அதே ஊசி. மூன்று வருஷம் என் காதில் ஏறிய அதே சத்தம், மாற்றமே இல்லாமல். இருக்கிற ஃபேனை எல்லாம் விட்டுவிட்டு அதையே தேடிப் பிடித்து, ஒன்றுக்கு நான்காக வாங்கி மாட்டி, 'துளிக்கூட இல்லை, சுத்தம்' என்று எனக்கே எழுதுகிறீர்கள். போதாததற்கு அக்காவின் கொசுக் கதை. நான் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டும், இல்லையா?

நான் உங்களுக்கு வேலை மெனக்கெட்டு இரண்டு பக்கம் எழுதினேன். அறையில் இருந்தவர்களை வெளியே நிற்கவைத்துவிட்டுக் கேட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தாள் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. இருபத்தெட்டு வரை காத்திருப்பானேன் என்று தோன்றுகிறது.


ஜூலை 8

உனக்கு,

நான் கேலி செய்யவில்லை. இதை எப்படி எழுதினால் நம்புவாய் என்று தெரியவில்லை, அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மூன்றாம் நம்பரைப் போட்டுவிட்டு உன் தலையணையில் படுத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அமைதி. இதைக் கேட்டால் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். கடைக்கு ஓடிப்போய் மிச்சம் மூன்றையும் வாங்கியது அந்தச் சந்தோஷத்தில்தான்.

உன் கடிதம் வந்ததும் அக்காவை மறுபடி கூப்பிட்டேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்தேன். போட்டால் "வந்துடுச்சு" என்கிறாள். அணைத்தால் "போயிடுச்சு" என்கிறாள். பதினோரு தடவை. ஒன்றுகூடத் தப்பவில்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவள். "உனக்கு நெஜமாவே கேக்கலையாடா?" என்று என் முகத்தையே பார்த்தாள். வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டி அனுப்பிவிட்டேன். அவள் படி இறங்கிப் போன பிறகு ஃபேன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். காதை ஒட்டி வைத்தேன். காற்று முகத்தில் படுகிறது. வேறொன்றும் இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே பிரமை வருமா? வராது. அது எனக்கே தெரிகிறது.

கையெழுத்துப் போடுவதானால் போடு. நீ தூங்குகிறாய் என்று எழுதினாயே, அது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் உன்னிடம் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு போடாதே. ஒருநாளும் சொன்னதில்லை. கொஞ்சம் பயமாக இருக்கிறது.


ஜூலை 12

என் திருப்புளியாருக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் காலை வந்தது. படிக்காமல் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கோபம் தணியவில்லை.

முதல் ஆளாக ஒரு தச்சர் வந்தார், கூடவே அவர் மனைவி. வந்ததிலிருந்து அந்த அம்மாதான் பேசினார். "கூப்பிட்டா திரும்பறதே இல்லீங்க. டிவியை அலற வெக்கறாரு. வேணும்னே பண்றாருங்க, நான் பேசினா மட்டும் காதுல விழாது." சோதித்தேன். தாழ்ந்த சத்தமெல்லாம் மற்றவர்களைப் போலவே கேட்கிறது. சத்தத்தின் உயரம் நாலாயிரம் ஹெர்ட்ஸைத் தொடும்போது, கேட்பதைக் காட்டும் கோடு கிணற்றில் விழுந்தது மாதிரி விழுகிறது. மர ரம்பத்துக்குப் பக்கத்தில் இருபது வருஷம். அந்த அம்மாவிடம் கோட்டைக் காட்டி, மாதத்துக்கு இருபது பேரிடம் சொல்வதைச் சொன்னேன்: "வேணும்னு பண்ணலம்மா. அவருக்குக் கேக்கலை. கதவு தட்டினா கேக்கும், பஸ் வந்தா கேக்கும், அதனால கேக்குதுன்னே நெனச்சுக்குவாரு. சன்னமான சத்தம் மட்டும் அவரைப் பொறுத்தவரைக்கும் இல்லவே இல்ல. பேச்சுல பாதி எழுத்து அங்கதான் இருக்கு, அதான் நீங்க முணுமுணுக்கற மாதிரி இருக்கும்."

முணுமுணுக்கிற மாதிரி என்று சொன்னதும் என் கை பையில் இருந்த உங்கள் கடிதத்துக்குப் போனது. அந்த அம்மா, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

அவர்களை அனுப்பிவிட்டு உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். பிறகு மூன்றாம் நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டு, சத்தம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கோடு போட்டுப் பார்த்தேன். நாலாயிரத்தில் ஒற்றைக் கம்பம். மற்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஃபேன் தன் சத்தம் அத்தனையையும் உங்களுக்குக் கேட்காத ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. கடையில் நூறு ஃபேன் வைத்தாலும் காதை நம்பி நீங்கள் அதைத்தான் எடுப்பீர்கள். இரண்டு தடவை எடுத்துவிட்டீர்கள்.

எட்டு வருஷம் கல் அறுக்கும் பட்டறை. அதை நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள், நான் சிரிப்பேன். முன்பின் தெரியாத ஒருத்தர் வந்து அதே வார்த்தையைச் சொன்னால் பேனாவை எடுத்து முதல் வரியில் எழுதியிருப்பேன். வாஷிங் மெஷின் பீப், போனில் ஆங், நான் சமையலறையிலிருந்து பேசினால் பதில் வராதது, எல்லாம் என் கண் முன்னாலேயே இருந்தது. சோம்பேறி என்றேன், அலட்சியம் என்றேன், என்மேல் அக்கறை இல்லை என்றேன். ஒரு நாளைக்கு எட்டுக் காதைப் பார்க்கிறவள், வீட்டில் இருந்த இரண்டைப் பார்க்கவில்லை. என்னை நான் எப்படி மன்னிப்பேன் என்று தெரியவில்லை.

பயப்படாதீர்கள். நான் இருக்கிறேன். இதை முழுசாகத் திருப்பித் தர முடியாது, ஆனால் கருவி வைத்தால் நிறையக் கேட்கும். சனிக்கிழமை, 19ஆம் தேதி, இங்கே வாருங்கள். நானே பார்க்கிறேன். அக்காவிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

உங்கள்,
பாம்புக்காது


ஜூலை 22

பாம்புக்காதுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன்னை விட்டுவிட்டு வண்டியில் ஏறியபோது சொல்லாமல் விட்டது நிறைய. இப்போது எழுதுகிறேன்.

அந்தக் கண்ணாடி அறையில் முதலில் ஜோராகத்தான் இருந்தது. பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. ஓய்வு கொடுக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடுத்த சோதனைக்கு ஏதோ தயார் செய்கிறாய் போல என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருகியபடியே அழுதுகொண்டிருக்கிறாய். அவ்வளவு நேரமும் சத்தம் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது.

நேற்று மதியம், நீ பத்து நாளைக்குப் போட்டுப் பார்க்கச் சொன்ன கருவி இரண்டையும் மாட்டிக்கொண்டேன். முதலில் என் சட்டையே சத்தம் போட்டது. தாளைப் புரட்டினால் சத்தம். குழாய் சொட்டுகிறது, எத்தனை மாதமாகச் சொட்டுகிறதோ. வாஷிங் மெஷினை வேண்டுமென்றே ஓடவிட்டு, முடிகிற வரைக்கும் பக்கத்தில் நின்றேன். பீப் அடித்ததும் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு சத்தமாகவா அது அடிக்கும்?

பிறகு அறைக்குள் போய், மூன்றாம் நம்பர் ஃபேன் நான்கையும் போட்டுவிட்டு உன் தலையணையில் படுத்தேன்.

இருக்கிறது. நீ சொன்ன சத்தம் இருக்கிறது. நீ சொன்ன மாதிரியே ஊசிதான், வேறு வார்த்தை போட முடியாது. தலையைத் திருப்பினாலும் போகவில்லை. தலையணையை மேலே போட்டு மூடினாலும் உள்ளே வருகிறது. பத்து நிமிஷம் படுத்திருப்பது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்தேன். நாலாவது நிமிஷம் எழுந்து ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன்.

நீ மூன்று வருஷம் அங்கே படுத்திருந்தாய். எழுப்பிச் சொன்னாய், கெஞ்சிச் சொன்னாய், அழுதும் சொன்னாய். நான் சிரித்தேன். அக்காவைக் கூப்பிட்டுவைத்துச் சிரித்தேன்.

கருவியைக் கழற்றினால் சத்தம் போய்விடுகிறது. எனக்கு. மாட்டியும் கழற்றியும் இரண்டு மூன்று தடவை பார்த்தேன். உனக்குக் கழற்றி வைக்க ஒன்றும் இருந்ததில்லை.

நான்கையும் கழற்றிவிட்டேன். தண்ணீரை வடித்துவிட்டேன். கம்ப்யூட்டர் மூடியிருக்கிறது. இந்த வாரம் தர வேண்டிய படத்தைத் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். போட்டால் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ சொன்னது நிஜம் என்பதை மட்டும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

உன்,
திருப்புளி


ஜூலை 25

திருப்புளியாருக்கு,

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை முடியவில்லை.

தாளைக் கையெழுத்துப் போடாமல் இன்று காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை மதிய வண்டியில் வருகிறேன். அதுவரைக்கும் வேறு ஃபேன் வாங்காதீர்கள், இரண்டாம் நம்பரைக்கூட. சேர்ந்து போய்க் கேட்டு வாங்கலாம். கண்ணாடிக்காரரை எனக்கும் பார்க்க வேண்டும்.

ஸ்டேஷனுக்கு வரும்போது இரண்டு காதிலும் கருவியை மாட்டிக்கொண்டு வாருங்கள். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் அடுத்த வண்டிக்கே திரும்பிவிடுவேன். எனக்குப் பேச நிறைய இருக்கிறது, இந்தத் தடவை கத்தப் போவதில்லை.